துருக்கிய மொழிக்குத் தமிழ் துணை: மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

வேலைக்காக அங்காரா வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. துருக்கிய மொழி கற்க நான் கையில் கொண்டுவந்த கருவி தமிழ் ஒன்றுதான். அது எங்கே உழைத்தது, எங்கே காலை வாரியது என்று எழுதிவைக்கிறேன்.

முதல் ஆறு மாதம் சொகுசு. வினை கடைசியில் வருகிறது, உருபு பெயரின் வாலில் ஒட்டிக்கொள்கிறது. 'கிதிப் கெல்திம்' என்றால் 'போய் வந்தேன்', சொல்லுக்குச் சொல். நம் 'என்று' வரும் இடத்தில் அவர்களுக்குத் 'தியே'. இரண்டுமே சொல்லுதலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தவை. நமக்குக் 'காப்பி கீப்பி', அவர்களுக்குச் 'சாய் மாய்'. ஆங்கிலம் பேசும் வகுப்புத் தோழர் வாக்கியத்தைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருப்பார். நான் எழுதி முடித்திருப்பேன். கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

துருக்கிய மொழியில் ஆங்கில 'i' போன்றே, ஆனால் மேலே புள்ளியில்லாமல், 'ı' என்று ஓர் எழுத்து உண்டு. அதன் ஒலிக்கு ஆசிரியர் உதட்டை விரித்து விரித்துக் காட்டுவார். 'காசு', 'பாட்டு' என்பவற்றின் கடைசியில் உதடு குவியாமல் வரும் குற்றியலுகரம்தான் அது. பள்ளியில் மனப்பாடம் செய்த இலக்கணத்துக்கு இப்படி ஒரு பலன்!

குறிப்புகளைத் தமிழ் எழுத்தில் எழுதியது என் மடத்தனம். ரோஜாவும் சாம்பலும் என் நோட்டில் ஒரே 'க்யுல்'. ரோஜாவுக்குச் 'சங்கு'வின் ககரம், சாம்பலுக்குப் 'பாக்கு'வின் ககரம். பூக்கடையில் ஒரு கொத்துச் சாம்பல் கேட்டிருக்கிறேன். 1928இல் அரபு எழுத்தை விட்டு லத்தீனுக்கு மாறியபோது தங்கள் ஒலிகளுக்கென்றே அமைத்த 29 எழுத்துகள் இருக்க, எனக்கு எதற்கு வேறு எழுத்து?

விகுதியின் உயிரெழுத்து முன்னால் உள்ள உயிருக்கு ஏற்ப மாறும் விதி தமிழில் இல்லை. ஆனால் அது இரண்டு மாதத்தில் பழகிவிட்டது. படுத்தியதெல்லாம் ஏறக்குறைய ஒத்துப்போகும் இடங்கள்தான். நாம் பஸ்ஸில் ஏறுகிறோம். அவர்கள் பஸ்ஸுக்கு ஏறுகிறார்கள். நாம் உன்னைப் பார்க்கிறோம். அவர்கள் உனக்குப் பார்க்கிறார்கள். அஜர்பைஜான் தோழரின் பாடு இன்னும் மோசம். அவர் மொழியில் இறங்குவதைக் குறிக்கும் வினைக்குத் துருக்கியில் விழுதல் என்று பொருள். தினமும் பஸ்ஸிலிருந்து விழுந்துகொண்டிருந்தார். எனக்கு 'மில்லெத்வெகிலி' வாய்த்தது: வெகிலைக் கேட்டதும் ஏதோ அரசு வக்கீல் என்று எண்ணினேன், நாடாளுமன்ற உறுப்பினராம்!

அந்த 'ஆம்'தான் என்னை அதிகம் ஏமாற்றியது. 'கெல்மிஷ்' என்றால் 'வந்தானாம்'. பாடம் தொடங்குமுன்பே புரிந்துவிட்டது என்று பக்கத்தைப் புரட்டிவிட்டேன். ஒரு ஜனவரிக் காலையில் ஜன்னலைத் திறந்தால் தெரு முழுக்க வெள்ளை. 'பனி பெய்தது' என்றேன், சாதாரண இறந்தகாலத்தில். "இரவெல்லாம் விழித்திருந்தா பார்த்தீர்கள்?" என்று பக்கத்து வீட்டு அம்மா கேட்டார். பெய்வதைப் பார்க்காமல் பெய்ததை மட்டும் பார்த்தால் அங்கேயும் 'மிஷ்' வேண்டும். தமிழில் 'பெய்ததாம்' என்றால் யாரோ சொன்னது. நாம் 'பெய்திருக்கிறது' என்போம். நமக்கு இரண்டாக இருப்பது அவர்களுக்கு ஒரே விகுதி. நம்மை அறியாமல் தூங்கிப்போனாலும் அதே 'மிஷ்'தான். இது நாக்கில் ஏற இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

பெயரெச்சம் இன்னும் ஏறவில்லை. கடிதம் எழுதிய மாணவன், மாணவன் எழுதிய கடிதம் என்று இரண்டுக்கும் நமக்கு ஒரே 'எழுதிய' போதும். அவர்களுக்கு முதலாவது 'யாஸன்', இரண்டாவது 'யாஸ்தூ'. அதோடு மாணவன் 'மாணவனுடைய' ஆக வேண்டும். போன வாரம் அலுவலக மின்னஞ்சலிலும் அந்த 'உடைய' விட்டுப்போயிற்று.