தினமும் மூச்சைக் கவனிக்கும் தியானம்: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிவது

ஆரம்பத்தில் பலரும் சொல்வது, “கண்ணை மூடினா யோசனை இன்னும் அதிகமா வருது” என்பதுதான். அதிகமாவதில்லை. நாள் முழுக்க ஓடுவது இப்போதுதான் தெரிகிறது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர்கள் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ‘இப்போது மனம் எங்கே?’ என்று மக்களிடம் கேட்கப்பட்ட நேரங்களில் ஏறக்குறைய 47 சதவீதம் மனம் வேறெங்கோ இருந்தது. அப்போது மகிழ்ச்சியும் குறைவாகவே இருந்தது.

வெறும் பாயில் சம்மணமிட்டால் கால் மரத்துப்போகும், முதுகு கூனும். போர்வையை மடித்து இடுப்புக்கடியில் மட்டும் வையுங்கள். முழங்கால் தாழ்ந்து முதுகு தானாக நிமிரும். மூட்டுவலிக்காரர்களுக்கு நாற்காலியே போதும். ஃபேன் காற்று முகத்தில் அடிக்கக் கூடாது, மூச்சின் தொடுகை தெரியாமல் போகும். சாப்பிட்டதும் உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும்.

அதிகம் பேர் தடுமாறுவது மூச்சில். கவனிக்கச் சொன்னதும் ஆழமாக இழுக்கத் தொடங்குகிறார்கள். நெஞ்சு இறுகுகிறது, சிலருக்குத் தலை சுற்றுகிறது. பிராணாயாமம் வேறு, இது வேறு. இங்கே மூச்சு தன் போக்கில் போகட்டும். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே, உள்ளே போகும்போது குளிர்ச்சி, வெளியே வரும்போது லேசான சூடு: அதைப் பார்த்தால் போதும். பிடிபடாவிட்டால் வெளிமூச்சுக்கு ஓர் எண், பத்து வரை. பதினேழுக்குப் போயிருந்தால் மனம் நழுவிவிட்டது, மறுபடி ஒன்று. நாற்பது முறை நழுவி நாற்பது முறை திரும்பிய நாள் நல்ல நாள்தான். திரும்புவதுதான் பயிற்சியே.

ஜான் கபாட்-ஜின் 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் தொடங்கிய 8 வாரத் தியானப் பயிற்சி தினம் 45 நிமிடம் கேட்கும். வீட்டுவேலைக்கு நடுவே அது நிலைப்பது கஷ்டம். காலை காப்பிக்கு முன் 10 நிமிடம், இரண்டாம் மாதம் 15, பிறகு 20. இப்படிப் போனால் நிலைக்கிறது. ஆழமாகப் போக விரும்புவோருக்குச் சென்னை திருமுடிவாக்கம் தம்ம சேது தியான மையத்தில் கோயங்கா முறை விபாசனா தியானத்தின் 10 நாள் முகாம் உண்டு. கட்டணம் இல்லை; விடிகாலை 4 மணிக்கு மணியடிக்கும், முதல் மூன்று நாள் மூச்சு மட்டுமே.

மகிழ்ச்சி எங்கே வருகிறது? உட்கார்ந்திருக்கும்போது வராமலும் போகலாம். குழந்தை பால் டம்ளரைத் தட்டிவிடுகிறது. கத்துவதற்கு முன் தாடை இறுகுவது தெரிந்துவிடுகிறது. அந்த அரை விநாடியில் துணியை எடுக்கக் கை போகிறது. மாதக்கணக்கில் உட்கார்ந்தவர்களிடம் இதை முதலில் கவனிப்பது வீட்டில் உள்ளவர்கள்தான்.

கண்ணை மூடியதும் படபடப்போ பழைய அதிர்ச்சியோ கிளம்பினால் கண்ணைத் திறந்து, பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள். தொடர்ந்து வந்தால் நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள், தியானம் செய்கிறோம் என்று அதை நிறுத்திவிடாதீர்கள்.