மூன்று தட்டுகள், ஒரே தேவாலயம்: முதல் ஜாஸ் இசைத்தட்டு எது?

அக்கா மகள் முதல் சம்பளத்தில் ஒரு டர்ன்டேபிள் வாங்கினாள். வாங்கிய அன்றே போன் செய்து, "மாமா, ஜாஸ்ல ஒரு தட்டு சொல்லுங்க. பட்டியலெல்லாம் வேண்டாம், ஒண்ணே ஒண்ணு" என்றாள். முப்பத்தைந்து வருடமாகத் தட்டு சேர்க்கிறவனிடம் எல்லோரும் கேட்கிற கேள்விதான் இது. பெரும்பாலோர் சொல்லும் பதிலும் ஒன்றுதான்: மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. நானும் வெகுகாலம் அதையே சொல்லிவந்தேன். இப்போது சொல்வதில்லை.

அவளுக்குப் பதில் சொல்வதற்கு முன் மூன்று தட்டுகளை எடுத்து வைத்து ஒரு வாரம் மாற்றி மாற்றிக் கேட்டேன். ஒன்று கைண்ட் ஆஃப் ப்ளூ. இன்னொன்று பியானோ கலைஞர் டேவ் புரூபெக் குழுவின் 'டைம் அவுட்'. மூன்றாவது சார்ல்ஸ் மிங்கஸின் 'மிங்கஸ் ஆ அம்'. மூன்றுமே 1959-இல் பதிவானவை, மூன்றுமே கொலம்பியா நிறுவனத்தின் வெளியீடுகள். நியூயார்க் நகரின் கிழக்கு 30-ஆவது தெருவில் ஒரு பழைய தேவாலயத்தை கொலம்பியா ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றி வைத்திருந்தது. பியானோ கலைஞர் கிளென் கூல்ட் 1955-இலும், மறுபடி 1981-இலும் பாக்கின் கோல்ட்பர்க் வேரியேஷன்ஸை வாசித்துப் பதிந்ததும் அங்கேதான். அந்த உயரமான கூரைக்குக் கீழே மார்ச், ஏப்ரலில் மைல்ஸ் வந்தார். மே மாதம் மிங்கஸ், ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை புரூபெக். ஆறு மாதத்துக்குள் மூன்றும் முடிந்துவிட்டன. அதனால் ஒலிப்பதிவுத் தரத்தை வைத்து ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்த வழியே இல்லை. இசையை மட்டும் பார்த்தால் போதும்.

டைம் அவுட்டில் தொடங்குகிறேன், ஏனென்றால் நம் காதுக்கு அதுதான் சீக்கிரம் பிடிபடும். அன்றைய ஜாஸில் பெரும்பாலும் நான்கு எண்ணிக்கைதான், எப்போதாவது மூன்று. புரூபெக் அதை உடைத்தார். 'டேக் ஃபைவ்' ஐந்து எண்ணிக்கை. நம்முடைய கண்ட சாபு 'தக தகிட' என்று போகும் அல்லவா? டேக் ஃபைவ் அதைத் திருப்பிப் போட்டு 'தகிட தக' என்று போகிறது. 'ப்ளூ ரோண்டோ அ லா டர்க்' ஒன்பது எண்ணிக்கை. அதன் தொடக்கத்தைக் கேட்டபடியே 'தகதிமி தகதகிட' என்று சொல்லிப் பாருங்கள், அச்சாகப் பொருந்தும். மூன்று முறை அப்படி வந்து, நான்காவது முறை 'தகிட தகிட தகிட' என்று மாறும். அமெரிக்க ரசிகர்கள் விரல் விட்டு எண்ணிய இடத்தில், கச்சேரிக்குப் போய்ப் பழகிய ஒருவர் சும்மா தொடையில் தட்டிக்கொண்டே கேட்கலாம்.

இதில் நமக்கு ஒரு நேரடித் தொடர்பும் உண்டு. 1958-இல் அமெரிக்க வெளியுறவுத் துறை புரூபெக் குழுவை ஒரு நீண்ட பயணத்துக்கு அனுப்பியது. ப்ளூ ரோண்டோவின் தாளத்தை புரூபெக் அந்தப் பயணத்தில்தான் இஸ்தான்புல் தெருக் கலைஞர்களிடம் கேட்டார். அதே பயணத்தில் குழு சென்னைக்கும் வந்தது. இங்கே டிரம்ஸ் கலைஞர் ஜோ மொரெல்லோ, மிருதங்க மேதை பழனி சுப்ரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்தார். திரும்பிப் போன அடுத்த வருடமே டைம் அவுட்.

கொலம்பியாவின் விற்பனைப் பிரிவுக்கு இந்தத் தட்டே பிடிக்கவில்லை. தெரிந்த பாட்டு ஒன்றுகூட இல்லை, ஆடுவதற்குத் தோதான தாளம் இல்லை, அட்டையில் புகைப்படத்துக்குப் பதிலாக நவீன ஓவியம். நிறுவனத் தலைவர் காடர்ட் லீபர்சன் ஆதரவாக நின்றதாலும், தென்மாநிலங்களின் பழைய பாடல்களைக் கொண்ட இன்னொரு தட்டைப் பதிந்து கொடுக்க புரூபெக் ஒப்புக்கொண்டதாலும்தான் இது வெளியே வந்தது. வந்த பிறகு பத்து லட்சம் பிரதிக்கு மேல் விற்றது.

ஆனால் பல வருடம் கேட்டவனாக ஒன்றைச் சொல்ல வேண்டும். டைம் அவுட்டின் முதல் பக்கம் பொன். இரண்டாம் பக்கம் அந்த உயரத்தில் இல்லை. அங்கே தாள யோசனை முன்னால் நிற்கிறது, பாட்டு அதன் பின்னால் நடந்து வருகிறது. ப்ளூ ரோண்டோவிலேயேகூட தனியாக வாசிக்கும் நேரம் வந்ததும் ஒன்பதை விட்டுவிட்டு நான்குக்குப் போய்விடுகிறார்கள். டேக் ஃபைவின் டிரம்ஸ் பகுதியை நம்முடைய தனி ஆவர்த்தனத்தோடு வைத்துப் பார்த்தால் கணக்கு எளிமையாகத்தான் தெரியும். அதில் நான் ரசிப்பது மொரெல்லோ விடும் இடைவெளிகளை. பியானோ இரண்டே இரண்டு கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்துகளை, திரும்பத் திரும்ப வாசித்து ஐந்தைக் காவல் காக்கிறது, அவர் அதற்கு மேலே நிதானமாகப் பேசுகிறார். அப்புறம் பால் டெஸ்மண்டின் ஆல்டோ சாக்ஸபோன். டேக் ஃபைவை எழுதியவர் அவர்தான். அதன் வருமானம் செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போக வேண்டும் என்று உயில் எழுதிவிட்டு 1977-இல் இறந்தார்.

சரி, கைண்ட் ஆஃப் ப்ளூ. இதைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. மைல்ஸின் ட்ரம்பெட், ஜான் கோல்ட்ரேன், கேனன்பால் அடர்லி என இரண்டு சாக்ஸபோன்கள், பியானோவில் பில் எவன்ஸ், ஒரு பாட்டில் மட்டும் வின்டன் கெல்லி, பாஸில் பால் சேம்பர்ஸ், டிரம்ஸில் ஜிம்மி காப். இப்படி ஒரு கூட்டம் மறுபடி சேர்வது கடினம். அதற்கு முந்தைய பத்துப் பன்னிரண்டு வருடமாக ஜாஸில் கார்டுகள் மளமளவென்று மாறிக்கொண்டே இருந்தன. வாசிப்பவர் அந்தப் படிகளில் மூச்சு வாங்க ஏறி இறங்க வேண்டும். மைல்ஸ் அந்தப் படிகளை எடுத்துவிட்டு ஒரு முற்றத்தைக் கொடுத்தார். 'ஸோ வாட்' முழுக்க ஒரே ஸ்வர வரிசைதான். நடுவில் எட்டுச் சுற்று அரை ஸ்வரம் மேலே போய் மறுபடி இறங்கி வருகிறது. மேற்கத்தியர் டோரியன் என்று சொல்லும் அந்த வரிசை நம் கரகரப்ரியாவின் ஏழு ஸ்வரங்கள். கமகமும் பிடிகளும் இல்லாததால் அதை ராகம் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரே இடத்தில் உட்கார்ந்து உள்ளே தேடும் மனநிலை நமக்குத் தெரிந்ததுதான்.

அட்டையின் பின்புறம் பில் எவன்ஸ் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். மெல்லிய தாளில் தூரிகையால் வரையும் ஜப்பானிய முறை ஒன்றை அதில் சொல்கிறார். கை தயங்கினால் கோடு கெட்டுவிடும், தாளே கிழிந்துவிடும், அழித்து எழுத வழியில்லை. 'ஃப்ளமென்கோ ஸ்கெட்சஸ்' கேட்கும்போது அந்த உவமை எவ்வளவு சரி என்று புரியும். ஐந்து ஸ்வர வரிசைகள். ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் இருப்பது என்பது வாசிப்பவர் விருப்பம்.

இந்தத் தட்டில் சேகரிப்பாளர்கள் மறக்காத ஒரு விஷயம் இருக்கிறது, என்னை அது ஒரு மாதம் அலைக்கழித்தது. என்னிடம் முதலில் இருந்தது ஒரு பழைய அமெரிக்கப் பதிப்பு. ஒரு நாள் சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு கூடவே ஹம் பண்ணிப் பார்த்தேன். முதல் பக்கம் சுருதியில் நிற்கவே இல்லை, கொஞ்சம் ஏறியே இருந்தது. இரண்டாம் பக்கத்தைப் போட்டால் சரியாக நின்றது. டர்ன்டேபிளின் பெல்ட்டில் கோளாறு என்று நினைத்து ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்தேன். அவர்கள் பெல்ட்டை மாற்றி, மோட்டாரையும் கழற்றி மாட்டி, ஒரு மாதம் கழித்துக் கொடுத்தார்கள். பிறகும் அதே கதை. உண்மை என்னவென்றால், மார்ச் 2-ஆம் தேதி பதிவில் ஓடிய டேப் இயந்திரம் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. அதைச் சரியான வேகத்தில் ஓட்டும்போது ஏறக்குறைய கால் ஸ்வரம் உயர்ந்து கேட்கிறது. அன்று பதிவான மூன்று பாட்டுகளும் முதல் பக்கத்தில் இருக்கின்றன. ஏப்ரல் 22-இல் பதிந்த இரண்டாம் பக்கத்துக்கு அந்தக் குறை இல்லை. கூடவே ஓடிய இன்னொரு இயந்திரத்தின் டேப் சரியாக இருந்ததால், 1992-இல்தான் அதிலிருந்து திருத்திய பதிப்பு வந்தது. முப்பது வருடத்துக்கு மேலாக உலகமே ஏறிய சுருதியில் ஸோ வாட்டைக் கேட்டிருக்கிறது. ஆகவே இந்தத் தட்டை வாங்குகிறவர்கள் பழசுக்கு ஆசைப்பட்டுப் பெரும் பணம் கொடுக்க வேண்டாம். கண் போன்ற ஆறு சின்னங்கள் அச்சிட்ட 'ஆறு கண்' லேபிள் ஒட்டிய முதல் பதிப்பு அலமாரிக்கு அழகு. கேட்பதற்கு, திருத்திய மறுபதிப்பே மேல்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் முதல் தட்டாக இதைச் சொல்ல மறுக்கிறேன்? இந்த இசையில் எதுவும் உரத்துப் பேசாது. புதிதாகக் கேட்கிறவர் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார், பின்னணியில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படி ஐந்தாறு பேரை என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். "நல்லாத்தான் இருக்கு, மழை பெய்யும்போது கேட்க" என்பார்கள், அதோடு ஜாஸும் முடிந்துவிடும். மைல்ஸ் எதையெல்லாம் விட்டார் என்பதில்தான் இந்தத் தட்டின் துணிச்சல் இருக்கிறது. விட்டது என்ன என்று தெரிய, முன்பு இருந்ததைக் கேட்டிருக்க வேண்டும்.

இங்கேதான் மிங்கஸ் வருகிறார். 'மிங்கஸ் ஆ அம்' ஆரம்பித்த அரை நிமிடத்தில் ஒரு ஆள் கத்துகிறார். அது மிங்கஸேதான். பாஸ் வாசித்துக்கொண்டே, தேவாலயத்தில் பிரசங்கம் கேட்டு உருகுகிறவர் குரல் கொடுப்பதுபோல் சக கலைஞர்களுக்குக் குரல் கொடுக்கிறார். 'பெட்டர் கிட் இட் இன் யுவர் சோல்' என்ற அந்த முதல் பாட்டைப் போட்டுவிட்டு யாரும் சமையலறைக்குப் போனதை நான் பார்த்ததில்லை. நிறுத்தி உட்கார வைத்துவிடும்.

மிங்கஸ் பெரும்பாலும் பாட்டை எழுதிக் கையில் கொடுக்க மாட்டார். பியானோவில் வாசித்தும் பாடியும் காட்டிக் காதால் படிய வைப்பார். நம் பாடாந்தரம் போலவே. அதனால்தான் இத்தனை ஊதுகருவிகள் சேர்ந்து வாசித்தாலும் அணிவகுப்பு போலக் கேட்பதில்லை. ஒரு கூடத்தில் பெரிய குடும்பம் உட்கார்ந்து ஒரே நேரத்தில் பேசுவது போல் இருக்கிறது.

எனக்கு இந்தத் தட்டின் பெரிய பலம் வேறு. இது முழுக்க முன்னோர்களைப் பற்றிய பேச்சு. 'குட்பை போர்க் பை ஹேட்' 1959 மார்ச்சில் இறந்த டெனர் சாக்ஸபோன் மேதை லெஸ்டர் யங்குக்கு அஞ்சலி. அவர் வழக்கமாக அணிந்த தொப்பியின் பெயர்தான் தலைப்பு. அவர் போய் இரண்டு மாதத்துக்குள் பதிவானது. ஜான் ஹாண்டி வாசிக்கும் சாக்ஸபோன் ஓர் இடத்தில் தொண்டை அடைப்பதுபோல் நடுங்கும், எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அந்த இடத்தில் ஏதோ செய்கிறது. 'ஓப்பன் லெட்டர் டு டியூக்' டியூக் எலிங்டனுக்கு. 'ஜெல்லி ரோல்' ஜெல்லி ரோல் மார்ட்டனுக்கு. 'பேர்ட் கால்ஸ்' கேட்டால் 'பேர்ட்' என்று அழைக்கப்பட்ட சார்லி பார்க்கர் நினைவுக்கு வருவார். ஒரு தட்டை முழுதாகக் கேட்டவருக்கு அடுத்து வாங்க வேண்டிய நான்கு தட்டுகள் தெரிந்துவிடுகின்றன.

'ஃபேபிள்ஸ் ஆஃப் ஃபாபஸ்' தனியாகச் சொல்ல வேண்டியது. 1957-இல் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் போகாமல் தடுக்கப் படையை நிறுத்திய ஆர்கன்சா கவர்னர் ஓர்வல் ஃபாபஸைச் சாடும் பாட்டு. கொலம்பியா தட்டில் வார்த்தைகள் இல்லை, கருவிகளே நையாண்டி செய்கின்றன. வார்த்தைகளோடு கேட்க வேண்டுமானால் 1960-இல் கேண்டிட் நிறுவனத்துக்காகப் பதிந்ததைத் தேட வேண்டும். மற்ற இரண்டு தட்டுகளிலும் 1959-இன் அமெரிக்கா வெளியே தெருவில் நிற்கிறது. இதில் உள்ளே வந்துவிடுகிறது.

மிங்கஸ் தட்டிலும் ஒரு குறை உண்டு. எல்பிக்குள் அடக்குவதற்காக ஒன்பது பாட்டில் ஆறை வெட்டிவிட்டார்கள். முழு வடிவங்கள் 1979-இல்தான் வெளிவரத் தொடங்கின. பின்னாளில் வந்த சிடியில் வெட்டாதவை இருக்கின்றன. இதில் நான் முழு வடிவத்தின் கட்சி. தாளில் வெட்டு சாமர்த்தியமாகத் தெரியலாம், ஆனால் தனியாக வாசிக்க வந்தவர் சூடேறும் நேரத்தில் கையைப் பிடித்து இழுத்த மாதிரி இருக்கிறது.

அதே வருடத்தில் வந்த ஆர்னெட் கோல்மனின் 'தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்' பற்றிக் கேட்பார்கள். பிளாஸ்டிக் சாக்ஸபோன், பியானோவே கிடையாது, 'லோன்லி வுமன்' என்ற அழியாத மெட்டு. மகத்தான தட்டுதான், ஆனால் பத்தாவதாக வாங்க வேண்டியது. கோல்ட்ரேனின் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' வாத்தியம் வாசிக்கிறவர்களுக்கு முதலில், மற்றவர்களுக்குப் பிறகு.

ஸ்டீரியோவா மோனோவா என்ற கேள்விக்கு இந்த மூன்றிலும் என் பதில் ஸ்டீரியோ. கைண்ட் ஆஃப் ப்ளூவில் டெனர் சாக்ஸபோன் வாசிக்கும் கோல்ட்ரேன் இடதுபுறம், ஆல்டோ வாசிக்கும் அடர்லி வலதுபுறம். டெனரையும் ஆல்டோவையும் பிரித்துக் கேட்கப் புதியவருக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

அக்கா மகளுக்கு மிங்கஸ் ஆ அம் அனுப்பினேன். டைம் அவுட்டை அடுத்த மாதமும், கைண்ட் ஆஃப் ப்ளூவை அதற்கும் பிறகும் வாங்கச் சொல்லி ஒரு துண்டுச் சீட்டும் வைத்தேன். தட்டு போய்ச் சேர்ந்த அன்று இரவு பதினொரு மணிக்குப் போன். பின்னால் ஊசி ஓடும் சத்தம் கேட்டது. "மாமா, அந்தத் தொப்பிக்காரர் பாட்டு இருக்கே, அவர் யாரு? அவரே வாசிச்ச தட்டு ஏதாவது இருக்கா உங்ககிட்ட?" என்றாள். லெஸ்டர் யங் என்னிடம் இரண்டு இருக்கிறது. கீறல் குறைவாக உள்ளதைத் துடைத்து எடுத்து வைத்திருக்கிறேன்.