ரிச்சி தெரு எண்டோஸ்கோப் கேமரா: பழைய அமெரிக்க இன்ஜின் நம்பர் பார்க்கத் தேறுமா?

டைப்-சி பின்னோடு வரும் இந்த மலிவு கேமரா, குழாய் அடைப்பு பார்க்கிறவர்களுக்காக விற்பது. 1969 செவ்ரோலே கமாரோ காரில் இருப்பது அசல் 427 (கன அங்குல) இன்ஜின்தானா என்று பார்க்க வாங்கலாமா? பாதி வேலைக்கு வாங்கலாம்.

அந்தப் பாதி, இன்ஜின் பிளாக்கின் பின்பக்கம். செவ்ரோலே வி8-இல் வார்ப்பு எண் (பிளாக்கை வார்க்கும்போதே அச்சில் விழும் எண்) இடப்பக்கம், கியர்பாக்ஸ் வந்து சேரும் விளிம்பில் இருக்கிறது. அங்கே தலையை நுழைக்க இடமில்லை, 5.5 மி.மீ. கேமரா தாராளமாகப் போகும். வளைத்தால் வளைத்தபடி நிற்கும் கெட்டி வயராகக் கேட்டு வாங்குங்கள். தொளதொள வயர் கியர்பாக்ஸ் மேல் படுத்துக்கொள்ளும். 3 முதல் 8 செ.மீ. தூரத்தில்தான் ஃபோகஸ் ஆகும். பக்கவாட்டுக் கண்ணாடியை மாட்டினால் எண்கள் இடவலம் மாறித் தெரியும். ஆப்பில் ஃபிளிப் வசதி உண்டா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். விவோ, ஓப்போ போனில் ஓடிஜி-யை ஆன் செய்யாமல் கேமரா அவுட் என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

வார்ப்பு எண் கிடைத்ததும் விலை பேச உட்காரக் கூடாது. 3963512 பிளாக் 1969-இல் 427-க்கும் வந்தது, 1970-இல் 454-க்கும் வந்தது. போர் (சிலிண்டர் விட்டம்) ஒன்றே, ஸ்ட்ரோக்தான் (பிஸ்டன் ஓடும் தூரம்) வேறு. கமாரோவின் சேஸிஸ் நம்பரோ வி8 என்பதற்கு மேல் எதுவும் சொல்லாது. கோப்போ 9561 என்ற செவ்ரோலே சிறப்பு ஆர்டரில் வந்த எல்72 வகை 427-ஆ என்பதை வலது ஹெட்டுக்கு முன்னால் பிளாக்கில் உள்ள, எண் பொறித்த தட்டையான பேட்தான் சொல்லும். டி0123எம்என் என்றிருந்தால் டோனவாண்டா ஆலை, ஜனவரி 23, நாலு கியர் மேனுவல் கமாரோவுக்கான 427. ஆட்டோமேட்டிக்குக்கு எம்ஓ. இந்தத் தேதி வண்டி தயாரான தேதிக்கு முந்தியதாகவும், பிளாக் வார்த்த தேதி அதற்கும் முந்தியதாகவும் இருக்க வேண்டும்.

கேமரா சொதப்புவது இந்தப் பேடில்தான். 1969 பிக் பிளாக்கில் (427 போன்ற பெரிய வி8) ஆல்டர்னேட்டர் அதை மறைக்கிறது. எல்இடி நேராக அடிப்பதால் பொறிப்பின் ஆழமே தெரிவதில்லை. அதைவிட முக்கியம், ஆலையில் மேற்பரப்பைச் சீவும் பிரோச் மெஷின் விட்ட மெல்லிய கோடுகள் காணாமல் போகின்றன. அவை முன்னிருந்து பின்னாக நேராக ஓட வேண்டும். வளைகோடுகள் தெரிந்தால் பட்டறையில் மேற்பரப்பைச் சீவியிருக்கிறார்கள். மேலே இருக்கும் நம்பர் பிறகு அடித்ததாக இருக்கலாம்.

எனவே பேடுக்கு வேறு வழி. ஆல்டர்னேட்டரைத் தளர்த்தி நகர்த்துங்கள், மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷ்ஷும் போட்டுத் துடையுங்கள். கடல்காற்றுத் துருவைப் பார்த்ததும் நம்ம ஊர் மெக்கானிக் கை எமரி ஷீட்டுக்குப் போகும், விடாதீர்கள். கோடு போனால் ஆதாரமே போச்சு. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்து போனில் படம் எடுங்கள். கூடவே ஆர்டிஓ வேலைக்கு சேஸிஸ் பிரிண்ட் எடுப்பதுபோல் பென்சிலும் செலோ டேப்பும் வைத்து ஒரு பிரிண்ட்.

கமாரோபோல் இல்லாமல் சில வண்டிகளில் சேஸிஸ் நம்பரே இன்ஜினைச் சொல்லிவிடும். 1970, 71 டாட்ஜ், பிளிமத் வண்டிகளில் சேஸிஸ் நம்பரின் ஐந்தாவது எழுத்து ஆர் என்றால் 426 ஹெமி. 1965 முதல் 67 வரையிலான ஃபோர்டு மஸ்டாங்கில் அதே இடத்தில் கே என்றால் 289 ஹை-போ (அதிக சக்தி இன்ஜின்). வண்டி பிறந்தபோது எந்த இன்ஜின் என்று அதிலேயே தெரிந்துவிடும். இப்போது உள்ளே உட்கார்ந்திருப்பது அதுதானா என்று பார்க்கத்தான் கேமரா. ஹெமி பிளாக்கின் பக்கவாட்டில் 2468330 தேடுங்கள்.