பையனை அரசாங்க ஆஸ்பத்திரியில் காட்டுவதா, தனியாரிலா?

கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் என் அக்கா மகனுக்கு 13 வயது. ஒரு வருஷமாகப் பொய், திருட்டு, அடிதடி. போன மாதம் தம்பியின் சைக்கிளை உடைத்து லோங்காங்கில் (சாக்கடையில்) தள்ளிவிட்டான். "எங்கேடா காட்டுறது?" என்றார் அக்கா.

செலவு: அரசாங்கத்தில் நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி (ரிங்கிட்). தனியாரில் ஒரு தடவைக்கே நூற்றுக்கணக்கில் போகும்.

காத்திருப்பு: அரசாங்கத்தில் முதலில் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார நிலையத்தில்) கடிதம் வாங்கி, அப்புறம் தேதிக்குக் காத்திருக்க வேண்டும். தனியார் சீக்கிரம்.

பரிசோதனை: என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இப்படித் தொடர்ந்து பொய், திருட்டு, அடிதடி என்று போவதை நடத்தைக் கோளாறு என்பார்கள். அது பெரும்பாலும் துணையோடுதான் வரும்: ஏடிஎச்டி (கவனம் நிற்காமல் துறுதுறுவென்று இருப்பது), மனச்சோர்வு, பதற்றம், கற்றல் சிக்கல். ஏடிஎச்டி இருந்து அதற்கு மீத்தைல்ஃபெனிடேட் என்ற மருந்தைக் கொடுத்தால் முரட்டுத்தனமும் குறைவதுண்டு. மனச்சோர்வு கண்ணில் படாமல் போனால் பையனுக்குத் திட்டு மட்டும்தான் மிஞ்சும். ஆகவே எங்கே போனாலும் ஆசிரியரின் குறிப்பைக் கையில் கொண்டு போங்கள். பெற்றோருக்கான பயிற்சி உண்டா என்றும் கேளுங்கள்.

கையில் காசு இருந்தால் முதல் பரிசோதனையைத் தனியாரில் முடித்துவிட்டு, அந்த அறிக்கையோடு அரசாங்கத்துக்கு மாறலாம். சிகிச்சை மாதக்கணக்கில் இழுக்கும். சாகப்போகிறேன் என்று பையன் சொன்னால் கடிதமெல்லாம் வேண்டாம், நேரே அவசரப் பிரிவு. அக்கா அரசாங்கம் என்று முடிவு செய்துவிட்டார்.