முதல் கிட்டார் அகூஸ்டிக்கா, எலக்ட்ரிக்கா? இரண்டையும் வாசித்துவிட்டு எழுதுகிறேன்

38 வயதில்தான் கிட்டாரைக் கையில் எடுத்தேன். இரண்டு வருடம் ஆகிறது. வீட்டில் இப்போது இரண்டு கிட்டார்: பெரிய உடம்புள்ள டிரெட்நாட் வகை அகூஸ்டிக் ஒன்று, யமஹா பசிஃபிகா 112வி எலக்ட்ரிக் ஒன்று. அகூஸ்டிக்கை ஏழு மாதம் வாசித்து, மனம் விட்டுப்போய் மூலையில் சாய்த்து வைத்தேன். ஒன்பது மாதம் எலக்ட்ரிக் மட்டும். பிறகு அகூஸ்டிக்கிடமே திரும்பினேன். நடுவில் நடந்ததைத் தெரிந்துகொண்டு வாங்கினால் உங்களுக்கு அந்த ஏழு மாதம் மிச்சம்.

"அக்கா, முதல்ல அகூஸ்டிக்தான் வாங்கணும். அதுல விரல் பழகிடுச்சுன்னா எலக்ட்ரிக் தானா வந்துடும்" என்றான் தம்பி. அவனுக்குச் சொன்னவர்களும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். நானும் நம்பினேன்.

முதல் மூன்று வாரம் விரல்நுனி எரிந்தது. அது எல்லோருக்கும் எரியும். தோல் காய்த்துப்போனதும் நின்றுவிடும். எனக்கும் நின்றது. ஆனால் எஃப் கார்டு (பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்க வைக்கும் விரல் பிடிகளில் ஒன்று) வரவில்லை. ஆள்காட்டி விரலை முதல் ஃபிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில் முதலாவது) ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்க வைத்து அழுத்த வேண்டும். நான் அழுத்தினால் இரண்டு கம்பி ஒலிக்கும், நாலு கம்பி 'டொக்' என்று செத்துப்போகும். நாலு மாதம் தினமும் முயன்றேன். சொல்லிக்கொடுத்த சார், பயிற்சி போதவில்லை என்றார். என் கை சின்னது, இதற்கு லாயக்கில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. மகன் தூங்கிய பிறகுதான் எனக்கு நேரம் கிடைக்கும். நிசப்தமான வீட்டில் அகூஸ்டிக் போடுகிற சத்தம் கொஞ்சமல்ல. கிட்டாரின் உடம்பில் கம்பிகள் வந்து முடிகிற பிரிட்ஜுக்குப் பக்கத்தில், கம்பிகளுக்கு அடியில் கைக்குட்டையைச் சொருகி வாசிப்பேன். சத்தம் அடங்கும். எந்தக் கம்பி சரியாக ஒலிக்கிறது, எது ஒலிக்கவில்லை என்பதும் அதோடு சேர்ந்து அடங்கிவிடும். காது இல்லாமல் கையை மட்டும் பழக்கிக்கொண்டிருந்தேன்.

கம்பியின் கணக்கைப் பிற்பாடுதான் புரிந்துகொண்டேன். அகூஸ்டிக்கில் வழக்கமாக வருவது 12–53 செட். அதாவது மெல்லிய கம்பி 0.012 அங்குலம், தடித்தது 0.053. உறையில் 'லைட்' என்றே போட்டிருப்பார்கள். சுருதி சேர்த்து நிறுத்தினால் ஆறு கம்பியும் சேர்ந்து இழுக்கிற இழுப்பு 70 கிலோவைத் தாண்டும். என் எலக்ட்ரிக்கில் இருப்பது 9–42. அதன் மொத்த இழுப்பு 40 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இவ்வளவு மெல்லிய கம்பி எலக்ட்ரிக்குக்குப் போதும், ஏனென்றால் அங்கே ஒலியைப் பெருக்குவது மரப்பெட்டி அல்ல, ஆம்ப் என்கிற ஒலிபெருக்கி. எஃகுக் கம்பி காந்தத்துக்கு மேலே அதிரும்போது பிக்கப் என்கிற ஒலிவாங்கியின் சுருளில் மின்சாரம் கிளம்புகிறது, அவ்வளவுதான் அதற்குத் தேவை. நைலான் கம்பியைப் போட்டால் அந்த பிக்கப்புக்கு ஒன்றும் கேட்காது.

பசிஃபிகா வந்த முதல் ராத்திரியே எஃப் கார்டு வந்துவிட்டது. ஆறு கம்பியும் ஒலித்தன. கண் கலங்கிவிட்டது எனக்கு. உடம்பு மெல்லிசு, விலாவில் பதிகிற இடத்தில் வளைத்துச் சீவியிருக்கிறார்கள். டிரெட்நாட்டை அணைத்தால் தூக்கிக்கொள்கிற என் வலது தோள் இதில் இறங்கி இருக்கிறது. (டிரெட்நாட் என்பது ஒரு போர்க்கப்பலின் பெயர். 1916இல் மார்ட்டின் கம்பெனி செய்த பெரிய கிட்டாருக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். என்னைப் போலக் குள்ளமாக இருப்பவர்கள் அகூஸ்டிக் வாங்கினால் இடுப்பு ஒடுங்கிய சிறிய உடம்பையும் ஒருமுறை மடியில் வைத்துப் பாருங்கள்.)

பசிஃபிகாவில் மூன்று பிக்கப்: பிரிட்ஜ் பக்கம் இரண்டு சுருள் கொண்ட ஒரு ஹம்பக்கர், மற்ற இரண்டும் ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில். அவற்றை மாற்ற ஐந்து நிலை சுவிட்ச். டோன் குமிழை மேலே இழுத்தால் ஹம்பக்கரில் ஒரு சுருள் மட்டும் வேலை செய்யும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு எந்த ஒலி தனக்குப் பிடிக்கும் என்றே தெரியாது. அதனால் ஒரே கிட்டாரில் இத்தனை குரல் கிடைப்பது பெரிய உதவி. சிங்கிள் காயிலில் வைத்தால் மின்சாரத்தின் 'ம்ம்ம்' சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டே இருக்கும். எந்தக் கிட்டாரிலும் அதன் இயல்பு அது, கிட்டார் கெட்டுவிட்டது என்று பயப்படாதீர்கள். எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்கள் அந்த முனகலை ஒன்றையொன்று அழித்துவிடுவதால்தான் மற்றதற்கு ஹம்பக்கர் என்று பெயர். சுருதியை ஆட்டி அசைக்கிற கைப்பிடியை, அதாவது டிரெமலோ பாரை, கழற்றிப் பையில் வைத்துவிட்டேன். முதல் வருடத்தில் அது வேண்டாம்.

ராத்திரிப் பிரச்சினையும் தீர்ந்தது. ஹெட்ஃபோனை நேராகக் கிட்டாரில் சொருக முடியாது, அந்த மின்சாரம் அவ்வளவு பலவீனம். நடுவில் ஒரு சின்ன ஹெட்ஃபோன் ஆம்ப் வேண்டும். அது வந்த பிறகு தினமும் ஐந்து நிமிடம் என்றிருந்த பயிற்சி நாற்பது நிமிடமாயிற்று.

ஆனால் தம்பி சொன்ன "தானா வந்துடும்" நடக்கவில்லை. ஏழு மாதம் உயிரைக் கொடுத்து அழுத்திப் பழகிய கை, மெல்லிய கம்பியிலும் அதே பலத்தோடு அழுத்தியது. அப்படி அழுத்தினால் கம்பி வளைந்து சுருதி ஏறிவிடும். டியூனர் சரி என்கிறது, கார்டு பிடித்தால் அபசுரம். கம்பி ஃபிரெட்டைத் தொட்டால் போதும், அதற்கு மேல் ஒரு துளி அழுத்தமும் வேண்டாம் என்று கைக்குப் புரிய வைக்க ஒரு மாதம் ஆனது. அடுத்தது, தொடாத கம்பிகள். ஆம்பில் கெயினை, அதாவது ஒலியை முறுக்கேற்றுகிற குமிழை, ஏற்றினால், கை லேசாக உரசிய கம்பிகூடக் கத்தும். வாசிக்காத கம்பிகளை இரண்டு கையாலும் அடக்கி வைப்பது எலக்ட்ரிக்கில் பாதி வித்தை. அகூஸ்டிக் எனக்கு அதைச் சொல்லித் தரவே இல்லை. இதுவும் அதுவும் ஒரே வாத்தியத்தின் சுலபமான, கடினமான வடிவங்கள் என்று நினைப்பது தப்பு. சுருதி ஒன்று, கார்டின் வடிவம் ஒன்று. கை செய்கிற வேலை வேறு.

ஒரு மாதத்தை நான் வீணாக்கியதும் உண்டு. குமிழ்களைத் திருகித் திருகி ஒலி தேடியே நேரம் போயிற்று. சுத்தமான ஒலி ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தொடாமல் இருங்கள்.

பதினாறாம் மாதம், அகூஸ்டிக்கில் கம்பி மாற்றலாம் என்று ஒரு பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் கம்பியைத் தொடுவதற்கு முன்பே ஒரு சின்ன அளவுகோலை எடுத்து, 12ஆவது ஃபிரெட்டில் தடித்த கம்பிக்கு அடியில் வைத்தார். மூன்றரை மில்லிமீட்டர். "இதுலயா கத்துக்கிட்டீங்க?" என்றார். அந்த இடத்தில் இரண்டரை இருந்தால் போதுமாம். இந்த உயரத்தைத்தான் ஆக்‌ஷன் என்கிறார்கள். கழுத்தின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்குகிற சிறு பட்டைக்கு நட் என்று பெயர். அதில் கம்பி உட்காருகிற காடிகளும் ஆழம் போதாமல் கம்பியைத் தூக்கி நிறுத்தியிருந்தன. எஃப் கார்டு நட்டுக்கு ஒட்டியே இருப்பதால் அந்தக் குறை முழுவதும் அதில்தான் விழும். எலும்புத் துண்டு போல பிரிட்ஜில் நிற்கிற சேடிலை அடியில் இரண்டு மில்லி தேய்த்தார். சேடிலில் இரண்டு குறைத்தால் 12ஆவது ஃபிரெட்டில் ஒன்று இறங்கும். காடிகளை அரத்தால் ஆழப்படுத்தினார். 11–52 செட் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து எஃப் பிடித்தேன். வந்தது. என் கையைத்தான் நான் ஏழு மாதம் திட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கிட்டாரை விற்றவர் எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற வருத்தம் இன்னும் போகவில்லை.

ஆகவே கடையில் எதை எடுத்தாலும் இதைச் செய்து பாருங்கள். 12ஆவது ஃபிரெட்டில் தடித்த கம்பியின் கீழ்விளிம்புக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே அளவுகோல் வையுங்கள். அகூஸ்டிக்கில் இரண்டரைக்குப் பக்கம், எலக்ட்ரிக்கில் ஒன்றரை முதல் இரண்டுக்குள் இருந்தால் நல்லது. பிறகு ஒவ்வொரு கம்பியையும் மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு முதல் ஃபிரெட்டைப் பாருங்கள். அங்கே மயிரிழை இடைவெளிதான் இருக்க வேண்டும். கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தால் நட் உயரம். இரண்டுமே சரிசெய்யக் கூடியவைதான், கிட்டாரை ஒதுக்கத் தேவையில்லை. செட்டப், அதாவது இந்த உயரங்களைச் சரிசெய்வது, செய்து தருகிறார்களா என்று கேளுங்கள். வேண்டாம், எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று சொன்னால் நான் அங்கே வாங்கமாட்டேன்.

இரண்டில் ஒன்று என்றால் என் தீர்ப்பு, தயங்காமல் எலக்ட்ரிக். ராத்திரி வாசிக்கிறவர், கை வலுவில்லாதவர், தனிக்கம்பியில் மெட்டு வாசிக்க ஆசைப்படுகிறவர் எல்லோருக்கும் அதுதான். பாடிக்கொண்டே வாசிக்க வேண்டும் என்றால் மட்டும் அகூஸ்டிக். அங்கே ஆம்ப் இல்லை, வயர் இல்லை. எடுத்த மறுநொடி ஒலிக்கும். வலது கை மென்மையாகத் தட்டினால் ஒரு குரல், அழுத்தித் தட்டினால் வேறு குரல். பசிஃபிகாவில் ஒன்பது மாதம் வாசித்தும் வலது கையின் அருமை எனக்குத் தெரியவில்லை, திரும்பி வந்த அகூஸ்டிக்கில் பத்தே நாளில் தெரிந்தது.

மகனுக்கு இப்போது பத்து வயது, அவனும் கேட்கிறான். இரண்டையும் மடியில் வைத்துப் பார்த்தான். பசிஃபிகாவின் முதல் ஃபிரெட்டை எட்ட அவன் இடது கை முழுதாக நீள வேண்டியிருக்கிறது. முழு அளவு நைலான் கிட்டாரில் கம்பி மெத்தென்று இருந்தாலும் நெக் அகலம், நட்டில் 52 மில்லி. அவன் விரலுக்கு அது ஆகாது. அவனுக்கு முக்கால் அளவில் ஒன்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அளவுகோல் பையிலேயே இருக்கிறது.