டயருக்குக் காற்றடிக்கும் கையடக்கப் பம்பு வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்

இன்று காலை அந்த விற்பனையாளரிடமிருந்து ஆறாவது மின்னஞ்சல் வந்தது. "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம். இந்தப் புகார் முடித்துவைக்கப்பட்டது" என்று இரண்டே வரிகள். யார் முடித்துவைத்தார்கள், எதை முடித்துவைத்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை. பணம் வரவில்லை, பாழான டயருக்கு ஒரு வார்த்தை பதில் இல்லை. கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், ஏனென்றால் ஆறிய பிறகு எழுதினால் அவர்களுக்காக நானே சமாதானம் சொல்லத் தொடங்கிவிடுவேன்.

பொருள், காரின் டயருக்குக் காற்றடிக்கும், பேட்டரியில் இயங்கும் கையடக்கப் பம்பு. வாங்கிய இடம், எல்லாப் பொருள்களும் விற்கும் ஒரு பெரிய இணையச் சந்தை. அதற்குள் கடை விரித்திருக்கும் ஒரு தனி விற்பனையாளர். பெயரைச் சொல்லப் போவதில்லை. அதே பம்பு, அதே படங்களோடு, நான்கு வெவ்வேறு பெயர்களில் அதே தளத்தில் கிடப்பதைப் பிறகுதான் கவனித்தேன். ஒரு பெயரை நான் சொன்னால் மற்ற மூன்றும் நல்லவை என்று யாராவது எடுத்துக்கொள்ளக்கூடும். கொடுத்த பணம், என் காருக்கு ஒரு புது டயர் வாங்கும் பணம். இதற்குப் பாதி விலையிலும் பம்புகள் இருந்தன. மலிவானதை வாங்கி ஏமாற வேண்டாம் என்றுதான் ஒரு டயரின் விலையை முழுதாகக் கொடுத்தேன்.

அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. இதற்கு முன் என்னிடம், சிகரெட் லைட்டர் துளையில் செருகும் ஒரு மலிவான பம்பு இருந்தது. 12 வோல்ட் துளைக்குப் பின்னால் 10 ஆம்பியர் ப்யூஸ் இருந்தால் அதிலிருந்து 120 வாட்டுக்கு மேல் இழுக்க முடியாது என்பது பள்ளிக்கூடக் கணக்கு. அதை மறந்து, அதிகத் திறன் கொண்டது என்று விளம்பரப்படுத்தப்பட்ட ஒன்றைச் செருகி ப்யூஸைக் கருக்கினேன். ஆகவே இந்த முறை தனி பேட்டரி உள்ளதாக, விலை கூடியதாக, நல்லதாக வாங்குவது என்று தீர்மானித்தேன்.

நம்பிக்கை எந்த இடத்தில் விழுந்தது என்று இப்போது துல்லியமாகச் சொல்ல முடிகிறது. விளம்பரப் பக்கத்தில் 150 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அதற்கு நான் மயங்கவில்லை. "மூன்று மட்டுமே மீதம்" என்று சிவப்பு எழுத்தில் மின்னியது, அதற்கும் அசையவில்லை. இரவு பதினொரு மணிக்கு, அந்தப் பக்கத்திலிருந்த உரையாடல் பெட்டியில் இரண்டு கேள்விகள் அனுப்பினேன். ஒரே சார்ஜில் நான்கு டயரையும் சரிசெய்யுமா? திரையில் காட்டும் அழுத்தம் சரியாக இருக்குமா? இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. "சார், என் சொந்த வண்டியிலேயே இதைத்தான் வைத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்." இரவில் விழித்திருந்து பதில் சொல்கிற மனிதர், தன் வண்டியில் வைத்திருப்பதையே விற்கிற மனிதர் என்று நினைத்து, அவர் சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டு வாங்கினேன்.

பெட்டியைப் பிரித்துக் கையில் எடுத்தபோது பம்பு நல்ல கனமாக இருந்தது. அந்தக் கனத்தை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, "பொருள் என்றால் இப்படி இருக்க வேண்டும்" என்று வீட்டில் எல்லோரிடமும் காட்டினேன். இந்தக் கனத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

வாங்கிய அன்றே நான்கு டயர்களிலும் மாட்டிப் பார்த்தேன். குழாயை எதிலும் மாட்டாமல் இருந்தபோது திரையில் 0 என்றுதான் காட்டியது. ஆகவே சந்தேகப்பட எதுவும் இல்லை. டயர்களில் மாட்டியதும் 42, 43, 42, 41 என்று வந்தது. என் காருக்கு ஓட்டுநர் பக்கக் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவு 33. இரண்டு நாள் முன்புதான் பஞ்சர் கடையில் 33 வைக்கச் சொல்லிக் காற்றடித்து வந்திருந்தேன். அந்தக் கடைக்காரர் கவனமில்லாமல் அடித்துவிட்டார் என்று அவர்மேல் கோபம் வந்தது. அடுத்த முறை அவர் கடையைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு உட்கார்ந்து, வால்வு முனையை நகத்தால் அழுத்தி, திரையில் 33 வரும்வரை நான்கு டயர்களிலிருந்தும் காற்றைப் பொறுமையாக இறக்கினேன். காற்றடிப்பதற்காக வாங்கிய பம்பு எனக்குச் செய்த முதல் வேலை, சரியாக இருந்த காற்றை என் கையாலேயே இறக்கவைத்தது.

பிறகு வந்த வாரங்களில் வண்டி மந்தமாக இருந்தது. ஸ்டியரிங் கனத்தது, மைலேஜ் குறைந்தது. பெட்ரோல் பங்கின்மீதும் சாலையின்மீதும் பழியைப் போட்டேனே தவிர, திரை காட்டும் எண்ணைச் சந்தேகிக்கவில்லை. இதற்கிடையில் பொருளைத் திருப்பி அனுப்பக் கொடுத்த பத்து நாள் கெடு தாண்டிவிட்டது.

ஐந்தாவது வாரம், குடும்பத்தோடு ஒரு நீண்ட பயணம். விடியற்காலையில் கிளம்பும்போது பின்பக்க இடது டயர் தரையில் சற்றே பரந்து உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. பம்பை மாட்டினால் 26 என்றது. கண்ணுக்கு அதைவிடக் குறைவாகத்தான் பட்டது. ஆனால் எண்ணைப் பார்த்துவிட்ட பிறகு யார் கண்ணை நம்புகிறார்கள்? 33 என்று அமைத்துப் பொத்தானை அழுத்தினேன். ஆறு நிமிடத்துக்கும் மேல் அது அலறியது. நின்றதும் குழாயின் பித்தளை முனையைக் கழற்றப் போய் ஆள்காட்டி விரலைச் சுட்டுக்கொண்டேன். காற்றை அமுக்கினால் சூடாகும், அந்தச் சூடு முனைக்கு வரும் என்பது இயல்புதான் என்றாலும், கொப்புளம் எழும் அளவுக்குச் சுடும் என்று கையேட்டில் ஒரு வரி போட்டிருக்கலாம். நான்கு கோடாக இருந்த பேட்டரி ஒரே கோடாக இறங்கியிருந்தது. ஒரே சார்ஜில் நான்கு டயர் என்றாரே, ஒரு டயருக்கே இந்தக் கதி. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் போன பிறகு வண்டி இடப்பக்கம் இழுக்கத் தொடங்கியது. அடுத்து ரப்பர் கருகும் நெடி. ஓரம் கட்டித் தொட்டுப் பார்த்தால், அந்த டயரின் பக்கவாட்டுச் சுவரில் கை வைக்க முடியவில்லை. நல்லவேளையாகச் சற்றுத் தூரத்தில் ஒரு பஞ்சர் கடை இருந்தது. மெல்ல உருட்டிக்கொண்டு போனோம்.

கடைக்காரர் தன் கேஜை, அதாவது காற்றழுத்தம் அளக்கும் கருவியை, வைத்துப் பார்த்தார், 24. ஓடிச் சூடேறிய டயரில் காற்றழுத்தம் நாலைந்து பி.எஸ்.ஐ. கூடித்தான் காட்டும், ஆகவே கிளம்பும்போது அது 20-ஐ ஒட்டித்தான் இருந்திருக்க வேண்டும். என் பம்பை அதே டயரில் மாட்டினேன், 36 என்றது. அவருடைய கேஜில்தான் பிழையோ என்று கடையிலிருந்த இன்னொரு கேஜையும் வாங்கிப் பார்த்தேன், அதுவும் 24. மற்ற மூன்று டயர்களும் சூட்டோடு 27-ஐத் தாண்டவில்லை. அவற்றுக்குப் பம்பு சொன்ன கணக்கு 36, 37, 35. பொய்கூட ஒரே சீராக இல்லை.

அவர் டயரை ரிம்மிலிருந்து கழற்றிக் கவிழ்த்துத் தட்டினார். உள்ளிருந்து கறுப்பாக, மிளகுப்பொடி போல ரப்பர் துகள் கொட்டியது. அதை உள்ளங்கையில் அள்ளி என்னிடம் நீட்டி, "அண்ணே, இது காத்துக் கம்மியா ஓடுன டயரு. சுவரு மடங்கி மடங்கி உள்ளயே அரைச்சிருக்கு. இனிமே இத நம்பி ஓட்டாதீங்க" என்றார். டயருக்கு வயது இரண்டுதான் ஆகியிருந்தது. இன்னும் இரண்டு ஆண்டுகளாவது ஓடியிருக்கும். ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தோம். ஸ்டெப்னியில் காற்று சரியாகவே இருந்தது, ஏனென்றால் அந்தப் பம்பு தொடாத ஒரே டயர் அதுதான்.

ஆக, பம்புக்கு ஒரு டயரின் விலை, அது பாழாக்கிய டயருக்கு இன்னொரு டயரின் விலை. மொத்தம் இரண்டு புது டயர்களின் விலை போய்விட்டது.

அன்று மாலையே விற்பனையாளருக்கு எழுதினேன். "என் சொந்த வண்டியிலேயே வைத்திருக்கிறேன்" என்றவர் இரண்டு நிமிடத்தில் பதில் சொன்னவரல்லவா? இப்போது மூன்று நாள் ஆயிற்று. முதல் பதில், "நீங்கள் பி.எஸ்.ஐ.-க்குப் பதிலாக வேறு அலகில் வைத்திருப்பீர்கள்." "பார்" என்ற இன்னோர் அழுத்த அலகில் ஒன்று என்பது 14.5 பி.எஸ்.ஐ.; 33 பி.எஸ்.ஐ. என்பது பார் அலகில் 2.3-ஐ ஒட்டி வரும். திரையில் 33 என்று வருவதை எந்த அலகாக மாற்றினாலும் இந்தப் பிழை விளங்காது என்று பதில் எழுதினேன். அடுத்து, "டயரில் கசிவு இருந்திருக்கும்" என்றார்கள். கசிவு இருந்தால் இரண்டு கேஜும் பம்பும் சேர்ந்தல்லவா குறைத்துக் காட்ட வேண்டும்? மூன்றாவதாக வீடியோ கேட்டார்கள். கேஜையும் பம்பையும் ஒரே டயரில் மாறி மாறி மாட்டி எடுத்து அனுப்பினேன். அதற்கு, "உத்தரவாதப் பதிவைப் பெட்டியிலுள்ள குறியீட்டை ஸ்கேன் செய்து முடித்தீர்களா?" என்று கேள்வி வந்தது. ஸ்கேன் செய்தால் திறந்த பக்கம் வெள்ளையாக இருந்தது. ஐந்தாவது மின்னஞ்சலில்தான் உண்மை முகம் தெரிந்தது: நான் எழுதியிருந்த ஒற்றை நட்சத்திர மதிப்புரையை நீக்கினால், விலையில் பத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தருவார்களாம். ஒரு டயரின் விலையில் பத்தில் ஒரு பங்கு என்றால், அதில் டயரின் பூப்பகுதியில் (தரையில் படும் வரிப்பகுதி) ஒரு சாண்கூட வராது. இணையச் சந்தையின் உதவி மையமோ, கெடு முடிந்ததால் விற்பனையாளரிடமே பேசிக்கொள்ளுங்கள் என்று கைகழுவிவிட்டது.

அந்த ஆத்திரத்தில் பம்பின் நான்கு திருகுகளைக் கழற்றினேன். (இப்போது "நீங்களே திறந்துவிட்டதால் உத்தரவாதம் இல்லை" என்பதும் சேர்ந்துகொண்டது. இருந்த உத்தரவாதம் என்ன வாழ்ந்தது?) விளம்பரப் படத்தில் ஆறு பேட்டரி உருளைகள் அடுக்கியிருந்தன; உள்ளே இருந்தவை இரண்டு, மேலுறையில் ஓர் எழுத்துகூட இல்லாமல். பல்சக்கரம் பிளாஸ்டிக். கைப்பிடிக்குள் பசை போட்டு ஒட்டியபடி ஓர் இரும்புத் தகடு இருந்தது. எதோடும் இணைக்கப்படவில்லை, எந்த வேலையும் செய்யவில்லை. நான் எல்லோரிடமும் பெருமையாகக் காட்டிய கனம் அதுதான்.

மதிப்புரைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆயிரக்கணக்கில் ஐந்து நட்சத்திரம் இருந்தது. பழையவற்றுக்குக் கீழே இறங்கிப் படித்தபோது, "என் கைப்பேசிக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது, நிறமும் அழகு" என்று ஒருவர் எழுதியிருந்தார். வேறெதற்கோ வாங்கிய நட்சத்திரங்களை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் படத்தை மட்டும் மாற்றிப் பம்பு விற்றிருக்கிறார்கள்.

எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் தொடங்கினேன். இவ்வளவு எழுதியதிலேயே கை ஓய்ந்துவிட்டது. அவசரமாகச் சில. 150 பி.எஸ்.ஐ. என்ற எண்ணால் கார்க்காரருக்குப் பயன் எதுவும் இல்லை, நமக்கு வேண்டியது 30-லிருந்து 36 வரை. நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று தள்ளும் என்பதைக் கேளுங்கள். நடுத்தரக் கார் டயரின் உள்ளே 30 முதல் 35 லிட்டர் இடம் இருக்கும், 10 பி.எஸ்.ஐ. ஏற்ற இருபது லிட்டருக்கு மேல் காற்று தேவை. தனியாக ஒரு கேஜ் கட்டாயம் வாங்குங்கள். பம்பின் திரையை அதோடு ஒப்பிடாமல் ஒரு டயரிலும் காற்றை இறக்காதீர்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் ஒரு டயரை வேண்டுமென்றே 20-க்கு இறக்கி, மறுபடி ஏற்றிப் பாருங்கள். சும்மா இரண்டு பி.எஸ்.ஐ. கூட்டிப் பார்ப்பது சோதனையாகாது. வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து பாருங்கள். டயரின் சுவரில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு; வைக்க வேண்டிய அளவு கதவோரத்து ஸ்டிக்கரில் இருக்கிறது. பித்தளை முனையைத் துணியால் பிடியுங்கள்.

பஞ்சர் கடைக்காரரைப் பார்த்து முகத்தைத் திருப்பினேன் என்றேனே, நேற்று அவரிடமே போய் நான்கு டயருக்கும் காற்று வைத்துக்கொண்டேன். காரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை.

இதை முடிப்பதற்கு முன் அந்தப் பக்கத்தை இன்னொரு முறை திறந்து பார்த்தேன். ஒரு டயரின் விலையில் அந்தப் பம்பு இன்னும் விற்பனைக்கு இருக்கிறது. சிவப்பு எழுத்து இன்றும் மின்னுகிறது: மூன்று மட்டுமே மீதம்.