பல எண்களுக்கு எல்சிஎம்: பைத்தான், சி++, ஜாவா நீண்டநாள் பயன்பாட்டில்

இரண்டு எண்களின் எல்சிஎம்முக்கு (மீச்சிறு பொது மடங்கு) சூத்திரம் எல்லோருக்கும் தெரியும்: எண்கள் அ, ஆ என்றால், அ × ஆ-வை அவற்றின் ஜிசிடியால் (மீப்பெரு பொது வகுத்தி) வகு. இதை அப்படியே மூன்று எண்ணுக்கு நீட்டுவதுதான் முதல் தவறு. 4, 6, 10 எடுங்கள். பெருக்கல் 240, மூன்றுக்கும் பொதுவான ஜிசிடி 2, வருவது 120. சரியான விடை 60. இரண்டிரண்டாகத்தான் போக வேண்டும்: 4, 6-க்கு 12; பிறகு 12, 10-க்கு 60.

பைத்தானில் இந்தக் கவலை இல்லை. 2020-இல் வந்த 3.9 பதிப்பிலிருந்து மேத் மாட்யூலின் எல்சிஎம் எத்தனை எண் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். லிஸ்ட் என்றால் முன்னால் நட்சத்திரக் குறி போடுங்கள், இல்லாவிட்டால் டைப்எரர் என்ற பிழை வரும். ஒன்றுமே கொடுக்காவிட்டால் 1. ஆனால் தரவில் எங்கோ ஒரு 0 இருந்தால் மொத்த விடையும் சத்தமில்லாமல் 0 ஆகிவிடும்; முன்பே சோதித்துவிடுவது நல்லது. எண் எவ்வளவு பெரிதானாலும் தாங்கும். நம்பிப் பயன்படுத்தலாம்.

சி++17-இன் எல்சிஎம் ஒரு தடவைக்கு இரண்டு எண்தான் எடுக்கும். பட்டியலின் எண்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகும் அக்யுமுலேட் வைத்துச் சுற்றும்போது தொடக்க மதிப்பாக வெறும் 1 போட்டால், அது இன்ட், அதாவது வழக்கமாக 32 பிட் முழு எண். உள்ளே அதைவிடப் பெரிய லாங் லாங்கில் கணக்கிட்டாலும் ஒவ்வொரு சுற்றிலும் விடை 32 பிட்டுக்குள் வெட்டப்படும். 1 முதல் 22 வரையுள்ள எண்களின் எல்சிஎம் 232792560, சரி. 23-ஐச் சேர்த்தால் 5354228880 வரவேண்டிய இடத்தில் 1059261584 வரும். மைனஸ் குறி கூட இல்லாததால் யாருக்கும் சந்தேகம் வராது. 1-க்குப் பின்னால் இரண்டு எல் எழுத்து சேர்த்தால் தீர்ந்தது. அப்போதும் 1 முதல் 42 வரைதான்; 43-இல் 64 பிட் லாங் லாங்கும் நிரம்பிவிடும்.

ஜாவாவில் நாமே எழுத வேண்டும். முதலில் ஓர் எண்ணை ஜிசிடியால் வகுத்து, பிறகு மற்ற எண்ணால் பெருக்குங்கள். 100000, 150000 இரண்டின் எல்சிஎம் வெறும் 300000. முதலில் பெருக்கினால் இன்ட் தாங்காது. பெருக்கலுக்கு மல்டிப்ளை எக்ஸாக்ட் போட்டால் நிரம்பும் இடத்திலேயே எக்செப்ஷன் (பிழை அறிவிப்பு) வரும்.

விடையை 1000000007-ஆல் வகுத்த மீதியாகக் கேட்கும் கணக்குகளில் ஒவ்வொரு சுற்றிலும் மீதி எடுத்துக்கொண்டே போனால் இந்த முறை செல்லாது. 5354228880-இன் மீதி 354228845. அடுத்து 24-ஐச் சேர்க்க வேண்டும் என்று வையுங்கள்: உண்மையான எண்ணுக்கும் 24-க்கும் ஜிசிடி 24. மீதிக்கும் 24-க்கும் 1; அதனால் விடை தவறிவிடும். அதற்குப் பதில் எல்லா எண்களையும் பகா எண்களாகப் பிரித்து, ஒவ்வொரு பகா எண்ணுக்கும் வந்த மிகப்பெரிய அடுக்கை மட்டும் வைத்துக்கொண்டு, கடைசியில் மீதி எடுத்தபடியே பெருக்குங்கள்.